ஸ்பீக்கர் ஸ்டாண்டு: மணல் நிரப்பிய இரும்பா, வெறும் மரமா?

குயில்தோப்பு:
ஆறரை அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பகுதி) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி வைத்திருக்கிறேன். ஒன்று ஏழரை கிலோ, உயரம் 35 செ.மீ. டிவி மேசை மேல் இருப்பதால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்துக் கனத்த ஒலி) மேசையையும் சேர்த்துக் கும்மென்று அதிரவைக்கிறது. வெல்டிங் பட்டறையில் கேட்டால், மூன்று அங்குலச் சதுர பைப்பில் 60 செ.மீ. உயரம், உள்ளே மணல் என்கிறார்கள். எங்கள் தச்சரோ மரமே போதும் என்கிறார். மொசைக் தரை, சின்ன அறை. எதைச் செய்யலாம்?

பட்டறைக்காரன்:
இரும்பு, மணல். யோசிக்கவே வேண்டாம். வெறும் பைப்பை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி ஒலிக்கும். அதே சுருதி பாட்டில் வரும்போதெல்லாம் பைப்பும் கூடவே பாடும். மணல் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அந்த அதிர்வைத் தின்றுவிடும். கீழே ஸ்பைக் (கூர்முனைக் கால்) வையுங்கள், மொசைக் கீறாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நாணயம்.

தச்சன்மகன்:
மணியை நீங்களே செய்துவிட்டு அதன் வாயை மணலால் அடைப்பானேன்? மரம் அப்படி ஒலிப்பதே இல்லை. எடை எடை என்கிறார்கள், கணக்கைப் பாருங்கள். ஊஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு சுமார் 15 கிராம், பெட்டி 7,500 கிராம். கூம்பு 2 மி.மீ. முன்னால் போனால் பெட்டி பின்னால் நகர்வது 4 மைக்ரான், அதாவது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் நான்கு பங்கு. பிபிசி 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் கூட கனத்த பெட்டி இல்லை. மெல்லிய ப்ளைவுட்டின் உள்பக்கம் அதிர்வை அடக்கும் பட்டைகளை ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் கேட்க வேண்டியது வேறு. குயில்தோப்பு சார், எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள்?

குயில்தோப்பு:
பாயில்தான். காது தரையிலிருந்து 70 செ.மீ., ஸ்பீக்கர் 1.8 மீட்டர் தள்ளி.

தச்சன்மகன்:
அப்படியானால் 60 செ.மீ. என்பது சோபாக்காரர்களின் அளவு! உங்கள் ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் பகுதி) பெட்டியின் அடியிலிருந்து 28 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. ஸ்டாண்டில் அது காதுக்கு 18 செ.மீ. மேலே போய்விடும். கிட்டத்தட்ட ஆறு பாகை. ட்வீட்டரும் ஊஃபரும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேராது.

தரையும் இருக்கிறது. ஊஃபரிலிருந்து நேராக வரும் ஒலியும் மொசைக்கில் பட்டு வரும் ஒலியும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 60 செ.மீ. ஸ்டாண்டில் அது சுமார் 350 ஹெர்ட்ஸ், 42 செ.மீ. ஸ்டாண்டில் சுமார் 450. இரண்டுமே ஆண் குரல் வாழும் இடம். ஜமுக்காளம் விரித்தாலும் இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது.

பட்டறைக்காரன்:
உயரத்தில் உங்களோடு சண்டை இல்லை. பைப்பை எந்த அளவிலும் வெட்டலாமே. 4 மைக்ரான் கணக்கு சரிதான், ஆனால் நான் பேசியது பெட்டி நகர்வதைப் பற்றி இல்லை, ஸ்டாண்டு தானே ஒலிப்பதைப் பற்றி. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

நான்காம்மாடி:
அடுக்குமாடியில் ஸ்பைக் வேண்டாம், கீழ்வீட்டுக்காரரை நினையுங்கள். ரப்பர் பட்டை போடுங்கள். எடை ஏறியதும் அது 1 மி.மீ. அமுங்கினால் இயல்பதிர்வு (ஸ்டாண்டு ரப்பர் மேல் தானாக ஆடும் வேகம்) சுமார் 16 ஹெர்ட்ஸ், நிஜ ரப்பரில் இன்னும் கொஞ்சம் கூடும். அதற்கு வெகு மேலே உள்ள அதிர்வெல்லாம் தரைக்குக் குறைவாகவே இறங்கும். அமுங்கவே அமுங்காத கெட்டி ரப்பர் வீண்.

தச்சன்மகன்:
சார், பணம் கொடுக்கும் முன் ஹாலோ பிளாக் கல் ஆறு வாங்குங்கள். ஒன்று 20 செ.மீ. உயரம். பக்கத்துக்கு இரண்டு அடுக்கி, மேலே 2 செ.மீ. பலகை வைத்தால் 42. மூன்று அடுக்கினால் 62. இரண்டையும் கேளுங்கள்.

குயில்தோப்பு:
கேட்டாயிற்று. வீட்டில் ஒருவரைக் கல் மாற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று கல்லில் குரல் மெலிந்து கொஞ்சம் தள்ளிப் போகிறது. இரண்டு கல்லில் பாடுபவர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். தொப்பி ஒலியும் தெளிந்துவிட்டது. அப்போது மரமே போதும், இல்லையா?

பட்டறைக்காரன்:
அவசரப்படாதீர்கள். ஒரு கல்லே பத்து கிலோவுக்குக் குறையாது. பக்கத்துக்கு இருபது கிலோ, அதுவும் ஒலிக்காத சிமெண்டு. நீங்கள் கேட்டுத் தெளிந்தது கனமான ஸ்டாண்டைத்தான்.

தச்சன்மகன்:
நியாயமான பேச்சு. நான் அதை யோசிக்கவில்லை. அந்தச் சோதனை உயரத்தைத்தான் காட்டியது, எடையைக் காட்டவில்லை. மரத்தில் என் நம்பிக்கை மாறவில்லை, ஆனால் இதை வைத்து மரம் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன்.

பட்டறைக்காரன்:
அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். மேல் கீழ் தகடுகளோடு சேர்த்து 42 செ.மீ. வரும்படி பைப்பை வெட்டச் சொல்லுங்கள். அடித்தகடு அகலமாக இருக்கட்டும், குழந்தை இடித்தாலும் சாயக்கூடாது. மேல்தகட்டில் ஒரு துளை விட்டு போல்ட்டால் மூடச் சொல்லுங்கள். ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள். அப்புறம் ஆற்று மணலைச் சலித்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, ஆறவைத்து நிரப்புங்கள், பைப்புக்கு மூன்று கிலோ பிடிக்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இரண்டையும் கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.