ஊசி போட்ட பிறகு உங்கள் பசிக்கு என்ன ஆனது? பாவிக்கிறவர்கள் சொல்லுங்கோ

பரந்தன் ரீச்சர்:

சீனி வருத்தத்துக்குக் குளிசையோடு கிழமைக்கொரு ஊசியும் போடச் சொல்லி டொக்டர் எழுதித் தந்தார். ஊசியின் பெயர் செமாகுளுடைட், சீனியோடு பசியையும் நிறையையும் குறைக்கிறது, கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறோம். எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை மாதம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடச் சாப்பாட்டில் வந்த மாற்றம்தான் புதினமாக இருக்கிறது.

முதலில் போனது பசி இல்லை, சாப்பாட்டு நினைப்பு. முன்பெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே இடைவேளைக்குக் கன்ரீனில் ரோல்ஸ் மிஞ்சுமா என்று ஒரு யோசனை ஓடும், மத்தியானச் சோற்றில் கை இருக்கும்போதே பின்னேரத் தேத்தண்ணிக்கு என்ன கடிக்கலாம் என்று மனம் போய்விடும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். டோஸ் கூட்டிய கையோடு அந்த ஓட்டம் நின்றுவிட்டது. அண்மையில் வவுனியாவுக்குப் போகிற வழியில் முறிகண்டியில் பஸ் நின்றது, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வழக்கத்துக்குக் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினேன். வவுனியாவில் இறங்கும்போது பை பிரிக்காமல் மடியில் கிடக்கிறது. நான் வாங்கின முறிகண்டிக் கச்சான் கனகராயன்குளம் தாண்டினதாகச் சரித்திரமே இல்லை!

உங்களுக்கு எப்படி?

மாங்குளம் வயல்காரன்:

ரீச்சர், உங்களுக்கு மண்டை, எனக்கு வயிறு. நான் போடுவது மௌஞ்சாரோ, அதே மாதிரியான இன்னொரு ஊசி. காலமை வயலுக்கு இறங்க முதல் ஒரு பெரிய கோப்பை பழஞ்சோறு, முதல்நாள் மீன்குழம்பு, வெங்காயம், அதுதான் என் கணக்கு. இப்போது அரைக் கோப்பையிலேயே தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. ஊசி போட்ட அடுத்த நாள் சந்தியில் கொத்துரொட்டி சாப்பிட்டேன், அது விடியும்வரை அசையவில்லை, கூழ்முட்டை மணத்தோடு ஏப்பம், பிறகு சத்தி. ஊசி போட்ட இரண்டு நாளும் எண்ணெய்ப் பக்கமே போவதில்லை இப்போது. குத்தரிசிக் கஞ்சியும் மீன் சொதியும் பேசாமல் இறங்குகின்றன.

மற்றொன்று, இதைக் குளிசை போடுகிற எல்லோரும் கவனியுங்கோ. எனக்குக் கிளினிக்கில் தந்த கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, ஊசி எழுதின இடத்தில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பசி இல்லாததால் பத்து மணிச் சாப்பாடு தானாகவே தள்ளிப்போகும். ஒருநாள் வரம்பில் நிற்கக் கை நடுங்கி, சேட்டு முழுக்க வியர்த்து, கண் இருண்டு வந்தது. பக்கத்து வயல் பெடியன் பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணிக்குள் சீனியை அள்ளிப் போட்டுத் தந்தான், குடித்த பிறகுதான் ஆள் தெரிந்தது. இந்த ஊசி தனியாகச் சீனியை அப்படி விழுத்துவது குறைவாம், கிளிக்ளசைட் அல்லது இன்சுலினோடு சேர்ந்தால்தான் வில்லங்கமாம். கிளினிக்கில் குளிசையைப் பாதியாக்கினார்கள், அதோடு சரி.

பின்னேரக் கள்ளிலும் நாட்டம் குறைந்துவிட்டது. மனிசிக்குச் சந்தோசம், எனக்கு இன்னும் முடிவு சொல்லத் தெரியவில்லை.

ஒட்டுசுட்டான் ஒறிஜினல்:

நாலு கட்டை சைக்கிள் மிதித்தால் போகிற வயிற்றுக்கு இவ்வளவு காசா? எங்கட அப்பு எண்பது வயதிலும் மரமேறினவர், ஊசியா போட்டவர்?

பரந்தன் ரீச்சர்:

தம்பி, உங்கட அப்புவுக்குச் சீனி இல்லை, ஸ்கூட்டியும் இல்லை. நானும் நடக்கிறனான்தான். நடந்துவிட்டு வந்து இரண்டு பங்கு சாப்பிட்ட ஆள் நான்.

புதுக்குடியிருப்பு, இப்ப ஸ்காபரோ:

நான் போடுவது வெகோவி, அதுவும் செமாகுளுடைட்தான், நிறை குறைக்க என்றே 2021 இல் அமெரிக்காவில் அனுமதித்தது. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இந்த ஊசியோடு சீவிப்பது லேசு. ஒரு கோப்பை சூப்போடு எழும்பினால் ஏன் என்று கேட்க ஆளில்லை. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அம்மா நந்திக்கடல் இறால் வாங்கிப் பிரட்டல் வைத்து, புட்டை நீத்துப்பெட்டியோடு கொண்டுவந்து கோப்பையில் கொட்டிவிட்டு முன்னுக்குக் குந்திக்கொண்டா. எனக்கு வாய்க்குப் பிடித்திருக்கிறது, ருசி ஒன்றும் மாறவில்லை, ஆனால் நாலைந்து வாயோடு உள்ளே கதவு சாத்தின மாதிரி. கையை எடுத்தேன். "என்ன பிள்ளை, உப்புக் கூடிப்போச்சே?" மிச்சத்தைக் கோழிக்குப் போடவில்லை, மூடி வைத்து இரவு அவவே சாப்பிட்டா.

2009 இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறி மாறி, அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது. தனக்கு வார்த்ததைத் தம்பியின் கோப்பையில் ஊற்றிவிட்டு "எனக்குப் பசிக்கேல்லை" என்று அம்மா சொல்லுவா, நானும் அதை நம்பினேன். இப்போது நான் அதையே அவவுக்கு உண்மையாகச் சொல்கிறேன், அவ நம்புகிறா இல்லை. ஊசி, ஹோர்மோன் எல்லாம் விளக்கிப் பார்த்தேன். "காசு குடுத்தோ பசியை நிப்பாட்டுறாய்?" என்றா. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டா. எனக்கு மறுமொழி வரவில்லை.

பிறகு ஒரு வழி பிடித்தேன். கோப்பையைச் சின்னனாக்கினேன், இறாலையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டுப் புட்டைக் கடைசிக்கு வைத்தேன். ஒரேயடியாக இல்லாமல் பின்னேரமும் ஒருதரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், கேட்டு வாங்குவதில் அவவுக்கு ஒரு திருப்தி. கலியாண வீட்டில் மட்டும் ஒரு வழியும் இல்லை, வாழையிலையில் கையை விரித்து மறித்தால் விரலுக்கு மேலேயே சோறு விழுகிறது.

வவுனியா பாமசி:

மருந்துக்கடையில் நிற்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோன் சுரக்கும், போதும் என்று மூளைக்குச் சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு, ஆனால் இரண்டொரு நிமிடத்தில் சிதைந்துவிடும். செமாகுளுடைட் அதே வேலையைச் செய்யும், உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும், கிழமைக்கொரு ஊசி என்பது அதனால்தான். மௌஞ்சாரோவில் இருக்கும் டிர்செபடைட் இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹோர்மோனின் வேலையையும் செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும், மூளையில் பசியைக் கிளப்பும் பகுதியும் அடங்கும். வயல்காரன் அண்ணையை வாட்டியது முதலாவது, ரீச்சருக்கு நடந்தது இரண்டாவது. செமாகுளுடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நாலு கிழமைக்கு ஒருக்கால் கூட்டுவது இந்த ஓங்காளத்துக்குப் பயந்துதான், அவசரப்பட்டு நீங்களாகக் கூட்டாதேங்கோ.

கடைக்கு வருகிறவர்களில் நான் பார்ப்பது, பசி போனதும் பாணும் பிளேன்ரீயும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். கொழுப்போடு தசையும் கரைகிறது, மாடிப்படி ஏறக் கால் உழைகிறது என்று பிறகு சொல்வார்கள். கொஞ்சமாகத்தான் இறங்கும் என்றால் அந்தக் கொஞ்சம் மீனாக, முட்டையாக, பயறாக, கௌப்பியாக இருக்கட்டும். தண்ணீர் குடிக்கவும் மறக்கிறார்கள், எங்கள் வெயிலில் அது கூடாது, மலச்சிக்கல் ஒரு பக்கம், சத்தியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. வயிற்று நோ முதுகுவரை இழுத்து விடாமல் நின்றால் கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, கணைய அழற்சியாக இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்து வரும் ஊசிப் பேனாக்கள் பற்றியும் சொல்ல வேண்டும். தொடங்காத பேனா 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும், உறைந்தால் எறிய வேண்டியதுதான். தொடங்கினது 30 பாகைக்கு மேலே போகக்கூடாது, ஆவணியில் எங்கள் தகரக் கூரை வீடுகளில் அது நடக்கிற காரியமா? ஒசெம்பிக் என்று விற்பதும் செமாகுளுடைட்தான், போலி ஒசெம்பிக் பற்றி 2024 இல் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது, அதனால் முகப்புத்தகத்தில் மலிவாக வருவதை நம்பாதேங்கோ.

நெடுங்கேணி அக்கா:

நிற்பாட்டின ஆளும் ஒருத்தி எழுதவேண்டும் அல்லவா. காசு கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன். இரண்டு மூன்று கிழமை ஒன்றுமில்லை, நானே பழகிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. பிறகு ஒரு நாள் இரவு படுத்தபின் எழும்பிப் போய்ச் சட்டியிலிருந்த மரவள்ளிக்கிழங்கைக் குளிரக் குளிரத் தின்றுகொண்டு நிற்கிறேன். நிறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. மனவுறுதி இல்லை என்று அவர் பகிடி பண்ணினார். மகள் தேடி வாசித்துக் காட்டினாள்: ஒரு ஆய்வில் செமாகுளுடைட்டை 68 கிழமை போட்டவர்களுக்குச் சராசரியாக 15 வீதம் போல நிறை குறைந்ததாம், நிற்பாட்டிய ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாம். அவருக்கு அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன்.

ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சி நிற்கிறது, முதலில் மீனும் மரக்கறியும், பிறகு சோறு. தொடங்க முதல் எத்தனை காலத்துக்குக் காசு தாங்கும் என்று யோசித்துக்கொண்டு தொடங்குங்கோ.

மாங்குளம் வயல்காரன்:

பாமசித் தம்பி, எனக்கு ஹேர்னியா ஒபரேசனுக்கு நாள் தந்திருக்கினம். ஊசியை விடவேணுமோ?

வவுனியா பாமசி:

அண்ணை, நீங்களாக விடவும் வேண்டாம், சொல்லாமல் போகவும் வேண்டாம். இரவு பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சாப்பாடு மிஞ்சியிருக்கலாம், மயக்கத்தில் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போனால் ஆபத்து. ஊசியின் பெயர், டோஸ், கடைசியாகப் போட்ட திகதி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி மயக்க மருந்து டொக்டரிடம் கொடுங்கோ, போன கையோடு, கட்டிலில் ஏற்ற முதல்.