வெள்ளத்துக்கு வாங்குன பம்புல தீயணைக்க பிரஷர் வரல, என்ன செய்யலாம்?

தோப்புக்காரன்_ஈத்தாமொழி:

அண்ணன்மாருக்கு வணக்கம். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பொறவு எங்க ஊரு மன்றத்துல எல்லாரும் பணம் போட்டு ஒரு பம்பு வாங்கினோம். 3 இஞ்சு, பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்ல ஓடுறது. பிளேட்டுல "மேக்சிமம் ஹெட் 28 மீட்டர், நிமிசத்துக்கு 1000 லிட்டர்"னு போட்டிருக்கு. ஹெட்டுன்னா தண்ணிய ஏத்துற உயரம். 2023 டிசம்பர் மழையில வீட்டுக்குள்ள நின்ன தண்ணிய எல்லாம் மளமளன்னு இறைச்சுத் தள்ளிச்சு, ஒரு குறையும் சொல்ல முடியாது.

இப்போ கோடையில பக்கத்து தும்பு (தேங்காய் நார்) ஆலைக் களத்துல கதம்பல் (தேங்காய் மட்டை) குவியல்ல தீ புடிச்சுது. தீயணைப்பு வண்டி வாறதுக்குள்ள நாங்க பம்பைக் குளத்தங்கரையில இறக்கினோம். தண்ணி மட்டத்துல இருந்து பம்பு வரை, அதாவது சக்‌ஷன் (உறிஞ்சுற) பக்கம், 3 மீட்டர் இருக்கும். பம்புல இருந்து களம் 5 மீட்டர் மேடு, தூரம் ஒரு 150 மீட்டர். நீல கலர் லே-பிளாட் ஹோஸ் (சப்பையா மடங்குற குழாய்) 120 மீட்டர், கடைசியில ரெட்யூசர் (வாயைக் குறுக்குற இணைப்பு) போட்டு 38 மில்லிமீட்டர் தீயணைப்பு ஹோஸ் 30 மீட்டர், 12 மில்லி நாசில். தண்ணி வருது, ஆனா குவியல்ல பாதி உயரம் கூட ஏறல. கிட்டப் போனா அனல் விடல. நாசிலை மூடி மூடித் திறந்தா பிரஷர் ஏறும்னு ஒருத்தர் சொல்ல, அப்படியும் செய்து பாத்தாச்சு. கொஞ்ச நேரத்துல பம்பு உடம்பு தொட முடியாத சூடு, இப்போ ஷாஃப்ட் பக்கம் ஒழுகுது.

பம்பு கெட்டுப் போச்சா, இல்ல எங்க இணைப்புதான் சரியில்லையா?

பம்புசெட்_திங்கள்சந்தை:

தம்பி, முதல்ல ஒழுகுறதைச் சொல்லிடுதேன். ஷாஃப்ட் வழியா தண்ணி ஒழுகாம தடுக்கிற மெக்கானிக்கல் சீல் போச்சு. நாசிலை மூடிட்டு எஞ்சினை ஓட்டினா உள்ள இருக்கிற அதே தண்ணி இம்பெல்லரோட (உள்ள சுத்துற சக்கரம்) சுத்திச் சுத்திக் கொதிக்கும். தீயணைப்பு வண்டி பம்புல அந்தத் தண்ணிய வெளியேத்த வழி வச்சிருப்பான். இந்த மாதிரி பம்புல அது கிடையாது. சீல் மாத்திட்டா பம்பு சரியாயிரும், பெரிய செலவு இல்ல. மாத்தும்போது இம்பெல்லரையும் பாக்கச் சொல்லு, வெள்ளத்துல மணல் தின்னிருக்கும்.

பிளேட்டுல உள்ள ரெண்டு நம்பரையும் சேத்துப் படிச்சதுதான் சிக்கல். 28 மீட்டர் ஏறும்போது ஒரு சொட்டு வெளிய வராது, 1000 லிட்டர் வரும்போது மேட்டுக்கு ஏறாது. ரெண்டும் ஒரே நேரத்துல எந்தப் பம்புலயும் கிடையாது.

ஓய்வு_தீயணைப்பாளர்:

மெக்கானிக் தம்பி சொன்னது சரி. கணக்கையும் போட்டுடுவோம், அப்பதான் மத்தவங்களுக்கும் விளங்கும்.

28 மீட்டர்ல சக்‌ஷன் 3, மேடு 5 போனா மிச்சம் 20. பத்து மீட்டர் தண்ணி உயரம்னா ஏறத்தாழ ஒரு பார், அப்போ தண்ணி ஓடாம நிக்கும்போதே உங்க கையில 2 பார்தான். ஓட ஆரம்பிச்சா 38 மில்லி ஹோஸ் ஒண்ணே கிட்டத்தட்ட 3 மீட்டரைத் தின்னும். நாசில் வாயில ஒண்ணரை பார் வந்தா பெரிசு. அதுக்கு 12 மில்லி நாசில்ல நிமிசத்துக்கு 120 லிட்டர் சுமாரா வரும், நேரா பீச்சினா பத்து, பன்னிரண்டு மீட்டர் போகும். நீங்க கண்டதும் அதான? நாங்க வண்டியில பம்பை 7 பார் வச்சு ஓட்டுவோம். அதே நாசில்ல 5 பார் நின்னா தண்ணி 200 லிட்டரைத் தாண்டும், எட்டுற தூரமும் ரெண்டு மடங்கு.

உங்க பம்பு பழுதில்ல. நிறையத் தண்ணிய கொஞ்ச உயரத்துக்குத் தள்ளத்தான் அதைச் செய்திருக்கான். தீக்கு வேண்டியது குறைஞ்ச தண்ணி, நிறைய அழுத்தம்.

வயல்காட்டான்:

நாசிலை இன்னும் சின்னதாக்குனா தூரம் போகும்லா? நம்ம தோட்டத்து ஓஸ்ல விரலை வச்சு அடைச்சா பீச்சி அடிக்குதே.

ஓய்வு_தீயணைப்பாளர்:

கொஞ்சம் போகும், அவ்வளவுதான். விரலை வச்சு அடைக்கும்போது குழாயில உரசல்ல போன அழுத்தம் திரும்பக் கிடைக்குது, புதுசா ஒண்ணும் உண்டாகல. இவங்களுக்கு உச்சவரம்பு 2 பார், அதுக்கு மேல எந்த நாசிலும் தராது. சின்னதாக்குனா தண்ணியும் குறையும், வழியிலயே ஆவியாகி தீயைத் தொடாது.

நான் செய்தா நேர் எதிரா செய்வேன். 38 மில்லியைக் கழட்டிட்டு கடைசி 30 மீட்டரும் 63 மில்லி ஹோஸ் போட்டு 16 மில்லி நாசில் வைப்பேன். தூரம் கூடாது, ஆனா தண்ணி 200 லிட்டருக்கு மேல வரும். ஹோஸ் குறுகுனா உரசல் எவ்வளவு ஏறும்னு பலருக்கும் தெரியல. நிமிசத்துக்கு 400 லிட்டரை 100 மீட்டர் கொண்டு போக 63 மில்லியில எட்டு, ஒன்பது மீட்டர் ஹெட் போகும். அதையே 38 மில்லியில கொண்டு போகணும்னா 100 மீட்டர் ஹெட் வேணும்.

தோப்புக்காரன்_ஈத்தாமொழி:

இப்போ விளங்குது அண்ணே. மீனவர் குழுகிட்டயும் இதே மாதிரி ஒரு பம்பு உண்டு. ரெண்டையும் சேத்தா?

பம்புசெட்_திங்கள்சந்தை:

எப்படிச் சேக்குறேங்கிறதுல இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே ஹோஸ்ல விட்டா தண்ணிதான் கூடும், ஹெட் கூடாது. ஒண்ணோட டெலிவரியை (தண்ணி வெளிய வர்ற வாயை) அடுத்ததோட சக்‌ஷன்ல குடுத்தா ஹெட் கூடும். ஆனா ரெண்டாவது பம்போட அலுமினிய கேசிங்கும் சீலும் அந்த அழுத்தத்துக்குச் செய்தது இல்ல. அந்த நீல ஹோஸும் அப்படித்தான், கிளிப்பு மாட்டின இடத்துல பிச்சுக்கிட்டு போகும். முன்னால உள்ள பம்பு நின்னு போனா பின்னால உள்ளது காத்தை இழுத்துக் காஞ்சு ஓடும். தீ எரியுற இடத்துல இந்த விளையாட்டு வேண்டாம் மக்கா.

ரப்பர்_அருமனை:

எங்க மலைப்பக்கம் சருகுத் தீக்கு நாங்க எச்டிபி ஸ்பிரேயர்தான் கொண்டு போறது, மருந்தடிக்கிறோமே அது. நிமிசத்துக்கு 20 முதல் 40 லிட்டர்தான், ஆனா 20 பாருக்கு மேல அடிக்கும். பிக்கப்புல 1000 லிட்டர் டேங்கை வச்சு ரப்பர் ஷீட் உணத்துற புகைப்புரைப் பக்கம் தீ ஏறாம நனைச்சுட்டே போகலாம். அந்த டேங்கை நிரப்ப உங்க வெள்ள பம்பு ரொம்ப நல்லது. கதம்பல் குவியலுக்கு எச்டிபி மட்டும் பத்தாது, அதையும் சொல்லிடுதேன்.

ஓய்வு_தீயணைப்பாளர்:

இதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ள பம்பு தண்ணி சுமக்கிற ஆளு, சண்டைக்காரன் இல்ல. 4500 லிட்டர் வண்டி ஒண்ணு நிமிசத்துக்கு 450 லிட்டர் அடிச்சா பத்து நிமிசத்துல காலி. பொறவு குளத்துக்கும் களத்துக்கும் ஓடணும், அந்த இடைவெளியில தீ பழையபடி எழும்பிரும். குளத்தங்கரையில உங்க பம்பு நின்னு, கிட்டவே வண்டியை விட்டு, மேல்மூடி வழியா 600, 700 லிட்டர் வீதம் ஊத்தினா ஏழு நிமிசத்துல நிரம்பும். நாசிலைப் பிடிச்சு நிக்கிற பத்து பேரை விட எங்களுக்கு அது பெரிய உதவி.

வண்டி குளத்துக்கு இறங்க வழியில்லன்னா களத்துல தார்ப்பாய் விரிச்சு குழி மாதிரி கட்டி, அதுக்குள்ள விடுங்க. வண்டி அதுல இருந்து உறிஞ்சிக்கும். உங்க ஹோஸ் முனையில 63 மில்லி இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங் (தள்ளினாலே மாட்டிக்கிற இணைப்பு) அடாப்டர் ஒண்ணு இருந்தா எங்க ஹோஸோட நேரா மாட்டலாம். நூல் கட்டி, கிளிப்பு முறுக்கி நிக்கிற நேரம் மிச்சம். ஆனா ஹோஸை மாட்டுறது எல்லாம் எங்க ஆளுக சொன்ன பொறவுதான்.

இன்னொண்ணு. தும்பு, நார்த்தூள் தீ மேல ஊத்தி அணையுற தீ இல்ல. மேல நனைஞ்சு ஓடிரும், உள்ள கனன்னுக்கிட்டே கிடக்கும். ஜேசிபி வச்சுக் கிண்டிப் பரத்திப் பரத்தி நனைக்கணும். அப்போ அழுத்தம் அவ்வளவு வேண்டாம், தண்ணிதான் வேணும், அங்கேயும் உங்க பம்பு உதவும். குவியல் மேல ஏறி நிக்காதீங்க, உள்ள எரிஞ்சு பொள்ளலா இருக்கும், கால் உள்ள போயிரும். புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு, காத்துக்கு மேல்பக்கம் நில்லுங்க.

முட்டம்_வள்ளக்காரன்:

ஹார்பர்ல படகுத் தீக்கு இந்த பம்பை எடுத்துட்டு ஓடி வர்ற ஆளுகளுக்கும் சேத்துச் சொல்லுதேன். டீசல் எரியும்போது இப்படி மொத்தமா தண்ணி ஊத்தினா டீசல் மிதந்து தீ பரவும். படகுக்குள்ள தண்ணி ஒரு பக்கமா சேந்தா சரிஞ்சிரும். உப்புத்தண்ணி இறைச்சா அன்னைக்கே நல்ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவணும், இல்லன்னா அடுத்த மழைக்கு பம்பு அசையாது.

தோப்புக்காரன்_ஈத்தாமொழி:

சரிண்ணே. குளத்துல வண்டி நிரப்புறதுக்குத் தயாரா வைக்கிறதா முடிவு. சக்‌ஷன்ல வேற கவனிக்க வேண்டியது உண்டுமா? அன்னைக்கு நடுவுல ரெண்டு தடவ தண்ணி விட்டுப் போச்சு.

பம்புசெட்_திங்கள்சந்தை:

அதான் முக்கியம். வெள்ளத்துல தண்ணி காலடியில நிக்கும், பம்புக்குச் சுகம். கோதையாறு சானல் (பாசனக் கால்வாய்) பிப்ரவரி கடைசியில அடைச்சாச்சுன்னா குளம் இறங்கிக்கிட்டே போகும். தீ புடிக்கிறதும் அந்த மார்ச், ஏப்ரல்லதான். கரை மேல பம்பை வச்சு 7 மீட்டருக்கு மேல இழுக்கச் சொன்னா எந்தப் பம்பும் இழுக்காது. அதுக்குக் கிட்ட வரும்போதே தண்ணி பாதியாயிரும். பம்பைக் கீழ இறக்கி வை, டெலிவரி பக்கம் நீளம் கூடினாலும் பரவாயில்ல. சக்‌ஷனுக்கு கம்பிச் சுருள் உள்ள கெட்டி ஹோஸ்தான், லே-பிளாட் போட்டா சப்பிக்கும்.

ஸ்ட்ரெயினரை (உறிஞ்சுற முனையில உள்ள சல்லடை) ஒரு பனையோலைக் கடவத்துக்குள்ள (பெட்டிக்குள்ள) இறக்கிக் கட்டு, பாசியும் தாமரை இலையும் ஒட்டாது. தண்ணிக்குள்ள ஒரு அடியாவது முங்கி இருக்கணும், சுழி விழுந்தா காத்து இழுத்து விட்டுப் போகும். அன்னைக்கு உனக்கு நடந்தது இதாத்தான் இருக்கும். தண்ணி திரும்ப இறங்காம தடுக்கிற ஃபுட் வால்வு ரப்பரையும் பாரு. மண்ணெண்ணெய் ஊத்தும்போது எஞ்சினை அணைச்சுட்டு ஊத்து.

வயல்காட்டான்:

அப்போ மோட்டார் பம்பு வச்சிருக்கவங்க?

ஓய்வு_தீயணைப்பாளர்:

தீ விழுந்ததும் முதல்ல கரண்டைத்தான் கட் பண்ணுவோம். அதை நம்பி இருக்காதீங்க. 101க்கு அடிச்சுட்டுப் பொறவு பம்பை எடுங்க. "குளத்துல ஃபில்லிங்குக்கு பம்பு ரெடி, இந்தப் பாதையா வண்டி இறங்கும்"னு போன்லயே சொல்லிடுங்க.

தோப்புக்காரன்_ஈத்தாமொழி:

சீல் மாத்தக் குடுத்தாச்சு. அடாப்டருக்கும் சொல்லியாச்சு. 16 மில்லி நாசில் நாகர்கோவில்ல கிடைக்குமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.