நாடகம் தன்னைப் பற்றியே பேசும் இடங்கள்: கிரேக்க உதாரணங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. துன்பியல் நாடகங்கள் நடிப்பைப் பற்றித் தாமே பேசும் இடங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். ஷேக்ஸ்பியரில் நிறையவே கிடைத்தன. என்னை உலுக்கியது கிளியோபாட்ரா சாவதற்குச் சற்று முன் சொல்வதுதான்: ரோமில் யாரோ ஒரு பையன் கீச்சுக்குரலில் தன்னைப் போல் நடித்துக் கேவலப்படுத்துவான் என்கிறாள். அன்றைய லண்டன் மேடையில் அந்த வசனத்தைப் பேசியதே பெண் வேடமிட்ட ஒரு பையன்! எவ்வளவு துணிச்சல் வேண்டும் இப்படி எழுத.

கிரேக்கத்துக்கு வந்தால்தான் திணறுகிறேன். யூரிப்பிடிஸின் 'பாக்கை' மட்டும் கையில் இருக்கிறது. நாடகத்துக்கே தெய்வமான டயோனிசஸ், மன்னன் பென்தியஸுக்குப் பெண் வேடம் போட்டு, கலைந்த முடிக்கற்றையைச் சரிசெய்து, சாவுக்கு அனுப்பும் காட்சி. சரி, சோபோக்ளிஸிடம்? 'ஈடிபஸ் மன்ன'னில் கோரஸ் (மேடையில் பாடி ஆடும் குழு), "நான் ஏன் ஆட வேண்டும்?" என்று கேட்பதை இதில் சேர்க்கலாமா? நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.