தாவரப் பெயர்களில் பால் விகுதி தேவைதானா?

உமரிக்கரை (கடலூர்):
பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் செடிகளுக்குப் பட்டியல் எழுதும் மாணவர்களுக்கு உதவி வருகிறேன். அங்குள்ள உமரிச் செடியொன்று பழைய நூல்களில் ‘ஆர்த்ரோக்னீமம் இண்டிகம்’ என்றும், 2007இல் பேரினம் மாற்றப்பட்ட பின் ‘டெக்டிகார்னியா இண்டிகா’ என்றும் இருக்கிறது. பேரினம் மாறியதற்கு அறிவியல் காரணம் உண்டு. ‘இண்டிகம்’ என்பது ‘இண்டிகா’ ஆனதற்கோ, பெயரின் இரண்டாம் சொல்லான அடைமொழி முதற்சொல்லான பேரினத்தின் பாலுக்கு ஏற்ப முடிய வேண்டும் என்ற லத்தீன் இலக்கணத்தைத் தவிர வேறு காரணமில்லை. பட்டாம்பூச்சி ஆய்வாளர்கள் பலர் செய்வதுபோல, முதலில் அச்சான விகுதியையே நிலைநிறுத்திவிட வேண்டும்.

புதுவை இலை (புதுச்சேரி):
ஐயா, தங்கள் சான்றே தங்களுக்கு எதிராக நிற்கிறது. அச்செடிக்கு ஜெர்மன் தாவரவியலாளர் வில்டெனோவ் முதலில் இட்ட பெயர் ‘சாலிகார்னியா இண்டிகா’; ‘இண்டிகம்’ முதலில் அச்சான விகுதியே அன்று. தங்கள் முறைப்படி, விகுதியை அறிய ஒவ்வொரு பெயருக்கும் அதன் முதல் வெளியீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்றைய விதியிலோ பேரினத்தின் பால் தெரிந்தால் போதும். தவறான விகுதியோடு வெளிவந்த பெயரைத் திருத்தினாலும், அதை இட்டவர் பெயரும் ஆண்டும் மாறுவதில்லை.

உமரிக்கரை:
அந்தப் பால்தான் தெரிவதில்லை. பண்ருட்டிப் பலா ‘ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டெரோஃபில்லஸ்’, ஆண்பால். அதே குடும்பத்து அரச மரம் ‘ஃபைக்கஸ் ரெலிஜியோசா’, பெண்பால். இரண்டு பேரினமும் ‘அஸ்’ என்றே முடியும்போது மாணவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்? ஆண் பனை, பெண் பனை என்று கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளையிடம், இரண்டுக்குமே ‘பொராசஸ் ஃபிளபெல்லிஃபர்’ என்ற ஆண்பால் பெயர்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணிமுத்தாறு (விருத்தாசலம்):
பனையை இதில் சேர்ப்பது பொருந்தாது. இலக்கணப் பால் சொல்லுக்கு உரியது, மரத்துக்கு உரியதன்று. மேலும், எல்லா அடைமொழியும் மாறுவதில்லை. மகிழ மரத்தின் ‘மிமுசாப்ஸ் எலெங்கி’யில் இரண்டாம் சொல் நம் பக்கத்துப் பெயர்ச்சொல், அதற்கு விகுதித் தொல்லையே இல்லை.

புதுவை இலை:
பலா, அரசு பற்றிய கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் உண்டு. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால் என்பதால் ஃபைக்கஸ் பெண்பாலாயிற்று. பின்னாளில் புதிதாக ஆக்கப்பட்ட யூக்கலிப்டஸையும் தாவரவியல் மரபு அவ்வாறே கொண்டது. பேரினத்தின் பாலை அம்மரபே தீர்மானிக்கும் என்று பெயரிடல் விதித்தொகுப்பின் 62ஆம் விதி சொல்கிறது. ஆண்பால் சொல்லில் முடியும் கூட்டுப்பெயர்கள் ஆண்பால் என்பதும் அவ்விதியில் இருக்கிறது; ‘கார்பஸ்’ ஆண்பால் சொல் என்பதால், பலாவோடு ருத்திராட்சத்தின் எலியோகார்பஸும் அதில் அடங்கிவிடும்.

உமரிக்கரை:
விதி இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது கிராமத்துப் பள்ளி மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. பட்டியல் வெளியிடுவோர் ஒவ்வொரு பேரினத்தின் பக்கத்திலும் அதன் பாலைக் குறிக்கட்டும். அதுவரை விகுதியை மாற்றக்கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.