நம்ம வீட்டு ஆளுக 🏡 (திங்கள் இரவு முதல் புதன் இரவு வரை)

*திங்கள்*

கவிதா, இரவு 8:12
எல்லாரும் கொஞ்சம் பாருங்க. புதன்கிழமை அத்தை ஊர்ல நூறு நாள் வேலை ஆளுககிட்ட டெங்கு பத்தி பத்து நிமிஷம் பேசணும். காலேஜ் போஸ்டிங். எழுதிட்டேன், படிச்சிட்டுச் சொல்லுங்க 🙏

கவிதா
"அனைவருக்கும் வணக்கம். டெங்கு என்பது ஏடிஸ் எஜிப்தி வகைக் கொசுக்களால் பரவும் வைரஸ் நோயாகும். இவ்வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. நீர்க்கலன்களை வாரம் ஒருமுறை காலி செய்து..." (இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு)

பெரியப்பா
அருமை. ஆனால் தொடக்கம் மொட்டையாக உள்ளது. "அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பி. முடிவில் ஒரு செய்யுள் சேர்த்தால் எடுப்பாக இருக்கும்.

செந்தில்
அப்பா, வேப்பமரத்தடில தார்ப்பாய் விரிச்சு உக்காந்திருக்கிறவங்க வீற்றிருக்க மாட்டாங்க 😂

பெரியப்பா
உனக்கு எல்லாமே விளையாட்டு.

அத்தை, 8:31
ஏத்தா நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா போன வருசமும் ஒருத்தர் வந்து மைக்கு வச்சு இதேதான் சொன்னாக. யாரு கேட்டா.

கவிதா
ஏன் அத்தை கேக்கல?

அத்தை
சாயங்காலம் வந்தாக. வேலைக்கு வந்ததுக்கு அடையாளமா எடுக்கிற ரெண்டாவது போட்டோ எடுத்தாச்சுன்னா ஒருத்தி நிக்க மாட்டா. ஆடு மாடு கிடக்கும், பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துரும். நீ காலைல முதல் போட்டோ எடுக்கைல வா. எல்லாரும் ஒரே இடத்துல இருப்போம்.

அத்தை
இன்னொன்னு. தண்ணியக் காலி பண்ணச் சொல்றியே, எங்க தெருவுக்கு அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் குழாய்ல தண்ணி. பிடிச்சு வச்சதக் கொட்டுன்னா சண்டைக்கு வந்துருவாக.

கவிதா
ஆமால்ல. அப்ப கொட்ட வேணாம், வேட்டித் துணிய ரெண்டா மடிச்சுத் தொட்டி வாய இறுக்கிக் கட்டுங்கன்னு சொல்றேன். தண்ணி தீர்ற அன்னிக்கு உள்சுவர நல்லா நாரு போட்டுத் தேய்க்கணும். முட்டை அங்கதான், தண்ணிக்குக் கொஞ்சம் மேல ஒட்டிக்கிட்டிருக்கும். காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது. திரும்பத் தண்ணி ஏறுனா பொரிஞ்சிரும்.

அத்தை
அடியாத்தி. இது எனக்கே தெரியாதே. இத எடுத்த எடுப்புல சொல்லு.

செந்தில்
நாலு வகை வைரஸ வெட்டிரு. பரீட்சையா வைக்கப் போற?

கவிதா
அது வேணும்ணே. ஒருதடவை வந்தவங்க இனி வராதுன்னு இருப்பாங்க. வேற வகை வந்தா ரெண்டாவது தடவை இன்னும் மோசமாகலாம்.

அம்மா
அப்ப நம்பர் சொல்லாத. "ஒருக்கா வந்து போயிருச்சுன்னு அசந்துராதீக"ன்னு மட்டும் சொல்லு, புரியும்.

பெரியப்பா, 9:20
செய்யுள் வேண்டாம், விடு. தாளைப் பார்த்துப் படிக்காதே. கடைசி வரிசையில் கதை பேசுகிறவள் முகத்தைப் பார்த்துப் பேசு. ஒரு கேள்வி கேட்டால் நீயே அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே. சும்மா நில். யாராவது ஒருவர் வாய் திறப்பார். புதிதாக வரும் வாத்தியார்களுக்கு இதுதான் வராது.

கவிதா
சரி பெரியப்பா. மூடி போட்ட பாட்டில்ல கொசுப்புழு பிடிச்சிட்டுப் போறேன்.

*புதன்*

அத்தை, காலை 10:05
📷 புகைப்படம்

அத்தை
நம்ம பிள்ளை பேசுறா. மைக்கு வேணாம்னுட்டா. எடுத்ததுமே "உங்க தெருவுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது?"ன்னா. ஆளாளுக்குக் கத்த ஆரம்பிச்சிட்டாக. பெறகு பாட்டில எடுத்துக் குடுத்தா. கப்சிப்.

அத்தை
புழு தலைகீழாத் தொங்குது. நெழலு பட்டா வெடுக்குனு அடிக்குப் போயிருது. ஒவ்வொருத்தியும் கையக் கொண்டு மறைச்சு மறைச்சுப் பாக்குறாளுக. பாட்டில் கடைசி ஆளுகிட்டப் போற வரைக்கும் இவ பேசல, நின்னுக்கிட்டிருக்கா.

பெரியப்பா
நின்றாளா! சபாஷ்.

கவிதா, பகல் 1:40
ரெண்டு பக்கத்துல பாதிய விட்டுட்டேன். துணி, சுவர், காய்ச்சல், அவ்வளவுதான். காய்ச்சல் விட்டதும் சரியாப்போச்சுன்னு நினைக்காதீங்க, வயித்து வலி, வாந்தி, ரத்தக்கசிவுன்னா உடனே ஆஸ்பத்திரின்னு ரெண்டு தடவை சொன்னேன். ஒரு பாட்டி "ராத்திரி வலை கட்டித்தானே படுக்கேன்"னு கேட்டாங்க. இது பகல்ல கடிக்கிற கொசுன்னதும் கசகசன்னு பேச்சு. நான் எழுதி வச்சதுலயே அது இல்ல.

அம்மா
மாத்திரை பத்திச் சொன்னியா?

கவிதா
சொன்னேன்மா. மம்பட்டி பிடிச்ச கை வலிக்குன்னு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போடுற ஆளுகதான் பாதி. காய்ச்சலோட அது கூடாது, ரத்தக்கசிவுல கொண்டு விட்ரும், பாராசிட்டமால் மட்டும்னு சொன்னதும் முந்தானைல முடிஞ்சிருந்த மாத்திரைய எடுத்து "இதா பாரு"ன்னு காட்டுனாங்க ஒரு அக்கா.

செந்தில், இரவு 8:44
சும்மா இருக்காம எங்க பிரிட்ஜ் பின்னாடி தட்ட இழுத்துப் பாத்தேன். நெளியுது 😳

அம்மா
அய்ய. சாக்கடைல ஊத்தாத. காஞ்ச மண்ணுல கொட்டு.

கவிதா
தட்டோட ஓரத்தையும் தேய்ங்கண்ணே.

பெரியப்பா
போட்டோ அனுப்பாதே. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.