டாக்டர் சீட்டு இருந்தா எதை வேணா முழுங்கிட்டு ஓட்டலாமா?

தகடூரான்: நேத்து நம்ம சைக்கிள் குரூப்ல ஒருத்தர் எழுதியிருந்தார். முட்டி ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த டிரமடால்ங்கற வலி மாத்திரை மிச்சம் இருந்ததாம், ஒண்ணைப் போட்டுக்கிட்டு தர்மபுரியில இருந்து ஒகேனக்கல் போயிட்டு வந்தாராம், வலியே தெரியலையாம், "சீட்டு இருந்தா எதுவும் தப்பில்ல"யாம். அதுக்கு நாப்பது லைக் வேற! அது தலைவலி மாத்திரை இல்லப்பா, மார்ஃபின் வகையறா. 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல ஆறாவதா வந்த கொலம்பியாக்காரர் நைரோ கின்டானாவையே இதுக்காகத் தடை பண்ணாங்க.

மாங்காமண்டி: எழுதினது நான்தான், நேராவே திட்டலாம். கின்டானாவைத் தடை பண்ணல. ஆறாவது இடத்தைப் பறிச்சாங்க, அவ்வளவுதான். தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்கண்ணா.

தகடூரான்: இடத்தைப் பறிச்சா தடை இல்லாம பரிசா?

மாங்காமண்டி: தொடர்ந்து ரேஸ் ஓட்டலாம்னு உலக சைக்கிள் சங்கமே சொல்லுச்சு. அது ஊக்கமருந்துக் குற்றமே இல்ல, மருத்துவ விதிமீறல். தடை இல்ல.

மருந்துக்கடைக்காரன்: ரெண்டு பேரும் கின்டானாவை விடுங்க. எங்க கடையில இந்த மாத்திரையை ஒருத்தருக்குக் கொடுத்தா நோட்டுல பேர் எழுதி வைக்கணும். 2018-ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயே கொண்டுவந்துட்டாங்க. டாக்டர் சீட்டு எழுதினது ஆபரேஷன் வலிக்கு, பென்னாகரம் ரோட்டுக்கு இல்ல. மிச்ச மாத்திரைக்கு ஏது சீட்டு?

தகடூரான்: அப்படிச் சொல்லு! சைக்கிள் ரேஸ்ல 2019 மார்ச்லயே தடை. 2024 ஜனவரி 1-ல இருந்து எல்லா விளையாட்டுலயும், போட்டி நேரத்துல தடை. முந்தின நாள் ராத்திரி 11.59-க்கே போட்டி நேரம் ஆரம்பிச்சிடும், தெரியுமா தம்பி?

மாங்காமண்டி: தடை மாத்திரைக்கு. கின்டானாவுக்கு இல்ல. மறுபடி சொல்றேன், கின்டானாவுக்கு இல்ல. நான் போனது ஞாயித்துக்கிழமை சும்மா ஒரு ரைடு. பந்தயமா வச்சாங்க? மீன் வறுவல் சாப்பிடப் போனேன்.

அஞ்செட்டி ரன்னர்: நான் டிரமடால் தொடமாட்டேன். லாங் ரன்னுக்கு முன்னாடி ஒரு இபுப்ரோஃபென், சாதா வலி மாத்திரை, அவ்வளவுதான். அது எந்தத் தடைப் பட்டியல்லயும் இல்ல.

மருந்துக்கடைக்காரன்: பட்டியல்ல இல்ல, கிட்னி இருக்கே. 80 கி.மீ. ஓடினவங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் 400 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல வந்தது. மாத்திரை போட்டவங்கள்ல 52 சதவீதத்துக்குக் கிட்னி பாதிப்பு, மருந்தே இல்லாத வெத்து மாத்திரை போட்டவங்கள்ல 34. வேர்வையில தண்ணி வத்தின உடம்புல கிட்னிக்குப் போற ரத்தத்தை அந்த மாத்திரை இன்னும் குறைக்குது.

அஞ்செட்டி ரன்னர்: போடாதவனுக்கே 34-ன்னா நான் ஏன் போடாம இருக்கணும்?

மருந்துக்கடைக்காரன்: கும்பிடறேன் சாமி.

தகடூரான்: இப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க. போன வருஷம் இடுப்பு வலிக்கு எனக்கும் ஒரு டாக்டர் இதையே எழுதினார். ரெண்டாவது நாளே வத்தல்மலை ஏறினேன். ஏறும்போது ராஜா மாதிரி இருந்துச்சு. இறங்கும்போதுதான் கூத்து. வளைவு வர்றது கண்ணுக்குத் தெரியுது, கை பிரேக்குக்குப் போக மாட்டேங்குது. ஏதோ வேற யாரோ ஓட்டற வண்டியில நான் பின்னாடி உக்காந்திருக்கற மாதிரி. தடுப்புச்சுவர்ல உரசி நிறுத்தி, காலையில தின்ன இட்லியெல்லாம் அங்கயே போச்சு. முழங்கை தோல் உரிஞ்சிருந்தது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போது, வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும். கூட்டமா ஓட்டறப்ப ஒருத்தனுக்குத் தலை சுத்தினா பின்னாடி வர்ற பத்து பேரும் விழுவான். இதெல்லாம் பார்த்துத்தான் கின்டானாவைத் தடை பண்ணாங்க.

மாங்காமண்டி: ஆக அண்ணாவும் போட்டிருக்கார்! எல்லாரும் பார்த்துக்குங்க. அப்புறம், கின்டானாவைத் தடை பண்ணல.

தகடூரான்: நான் போட்டுப் பட்டதாலதான் சொல்றேன். தடை இல்லைன்னா 2023 முழுக்க அவருக்கு ஏன் டீம் கிடைக்கல? பதில் சொல்லு.

மாங்காமண்டி: எனக்கும்தான் 2023-ல டீம் கிடைக்கல. என்னையும் தடை பண்ணிட்டாங்களா? 2024-ல மூவிஸ்டார் டீம் சேர்த்துக்கிச்சே, அதைச் சொல்ல மாட்டீங்க.

பாலக்கோடு தக்காளி: கிருஷ்ணகிரிக்காரங்க எப்பவும் இப்படித்தான், கடைசி வார்த்தை அவங்களோடதா இருக்கணும்.

மாங்காமண்டி: மாவட்டமே தர்மபுரியில இருந்து 2004-ல பிரிஞ்சு வந்தது இதுக்குத்தான்.

தகடூரான்: பிரிஞ்சு போனவங்க ஜெர்சி காசு 350-ஐயும் கொடுத்துட்டுப் போயிருக்கலாம். எட்டு மாசம் ஆச்சு.

மாங்காமண்டி: எக்ஸெல் சைஸ் கேட்டேன், எம் வாங்கிட்டு வந்தீங்க. அதைப் போட்டா மூச்சே விட முடியல. காசு வேற!

தகடூரான்: வயித்தைக் குறைக்கறதுக்கு மாத்திரை இல்ல தம்பி.

அஞ்செட்டி ரன்னர்: எம் சைஸ் யாருக்கும் வேணாம்னா எனக்குக் கொடுங்க.

மருந்துக்கடைக்காரன்: மிச்சம் இருக்கற மாத்திரையையாவது யாரும் பங்கு போட்டுக்காதீங்க. வலிப்பு வந்த வரலாறு இருக்கறவங்களுக்கு அது ரொம்ப ஆபத்து. தூக்க மாத்திரை, சாராயத்தோட சேர்ந்தா மூச்சே அடங்கிடும்.

தகடூரான்: சரியாச் சொன்னீங்க. அதனாலதான் அந்த கின்டானாவை...

மாங்காமண்டி: பண்ணல.

தகடூரான்: பண்ணாங்க. விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போய் அங்கயும் தோத்தாரே!

மாங்காமண்டி: தோத்தது ஆறாவது இடத்துக்கு.

பாலக்கோடு தக்காளி: இந்த ஞாயிறு ரைடு எத்தனை மணிக்கு? யாராவது சொல்லுங்கப்பா.

தகடூரான்: அஞ்சரைக்கு, நாலு ரோட்டுல. மாத்திரை போட்டவங்க என் பின்னாடி வரக்கூடாது.

மாங்காமண்டி: உங்க பின்னாடி யாரு வர்றா, நான் முன்னாடி போயிடுவேன்.