துணி பிழியும்போது வரும் மணிக்கட்டு வலி

கேள்வி: துவைப்பதும் தேங்காய் துருவுவதும் அம்மாவின் வேலையாகவே இருப்பதால், மாலையானால் அவருக்கு வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வலிக்கிறது. வேலையை நிறுத்தாமல் இதைத் தடுக்க முடியுமா?

பதில் 1: ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிவதே மணிக்கட்டை மிகவும் வருத்தும். கொடியில் போட்டு நீரை வடியவிட்டு, பிறகு உள்ளங்கைகளால் அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். துருவும் வேலையையாவது வீட்டில் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பதில் 2: கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுவதால், விரலை விரித்துப் பாத்திரத்தின் விளிம்பைக் கவ்வித் தூக்கும்போதெல்லாம் அவை உரசி வீங்குகின்றன. இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குவது நல்லது.

பதில் 3: இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால் அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம், தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.